மதியக் கோடும் மாலைக் கோடும்

மதிப்பீட்டாளர் வங்கியிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார். மதிப்பிடுவதிலிருந்து இன்னும் ஓய்வு பெறவில்லை. வேலையில் இருந்தபோது, வீட்டின் பேரில் கடன் கேட்கிறவர்களின் வீட்டுக்குப் போய், சுவரை விரல் முட்டியால் தட்டிப் பார்த்து, இது இவ்வளவுதான் பெறும் என்று எழுதிக் கொடுப்பது அவர் உத்தியோகம். சொந்தக்காரன் மனதில் வைத்திருந்த விலைக்கு எந்த வீடும் அவர் கையால் போனதில்லை. ஈரம் என்பார், விரிசல் என்பார், ஒன்றும் அகப்படாவிட்டால் காற்றோட்டம் போதாது என்பார். கல்யாணப் பேச்சுக்காக முதல் முறை போன வீட்டில் பெண்ணை விட்டுவிட்டுக் கூரையை அண்ணாந்து பார்த்து, "மழையில ஒழுகுமோ?" என்று கேட்டவர். பெண் வீட்டார் அதைக் கூச்சம் என்று எடுத்துக்கொண்டார்கள். பெண் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. இன்றைக்கும் அவர்கள் வீட்டில் எந்தச் சண்டையும் அந்தக் கூரையிலிருந்துதான் தொடங்கும்.

அந்தப் பெண்தான் இப்போது தெரு முனையில் அழகு நிலையம் நடத்துகிறாள். ஒரே அறை. இரண்டு சுழல் நாற்காலி, எதிரெதிர்ச் சுவர்களில் கண்ணாடி, தலை அலசும் தொட்டி, முடி உலர்த்தும் பழைய கூண்டு ஒன்று. காலையில் ஷட்டரைத் தூக்கிவிட்டால் அவள் யாருக்கும் மனைவி இல்லை, யாருக்கும் அக்கா இல்லை. தெருவில் பாதிப் பேர் அவளிடம் தலையைக் கொடுத்துவிட்டு மூச்சுக் காட்டாமல் உட்கார்ந்திருப்பார்கள். அறை அவள் அம்மா விட்டுப்போனது. அவளுக்குப் பாதி, தங்கைக்குப் பாதி. தங்கை தன் பாதியை ஒரு நாளும் கேட்டதில்லை. கேட்டதில்லை என்பதை மட்டும் அடிக்கடி சொல்லிக் காட்டுவாள்.

இந்த நிலையில்தான் சகலை வந்தார். தங்கையின் புருஷன். அவருக்கு உத்தியோகம் என்று ஒன்று நிலைத்ததில்லை, விசிட்டிங் கார்டு மட்டும் வருஷா வருஷம் மாறும். தண்ணீரைச் சுத்தம் செய்யும் கருவி விற்றார், முதுகுவலிக்கு மெத்தை விற்றார், நடக்க நடக்க ரத்தத்தைச் சுத்தம் செய்யும் செருப்பு விற்றார். அந்தச் செருப்பில் ஒரு ஜோடியை மதிப்பீட்டாளர் தலையிலேயே கட்டிவிட்டார். அதைப் போட்டு நடந்து மதிப்பீட்டாளருக்குக் கால் முழுக்கக் கொப்புளம் கண்டதை இரண்டு பேரும் பேசுவதில்லை, மறக்கவும் இல்லை. இந்த முறை நீட்டிய கார்டில் 'பகுதி நிர்வாக இயக்குநர்' என்று பொன்னிற எழுத்தில் போட்டிருந்தது. பகுதி இன்னும் கைக்கு வரவில்லை. கார்டு வந்துவிட்டது.

விஷயம் இதுதான். சாப்பாட்டை வாசலில் கொண்டுவந்து கொடுக்கும் ஆப் ஒன்று ஏரியா ஏரியாவாக ஃபிரான்சைஸ் கொடுக்கிறது. மற்ற கம்பெனிகள் கேட்கும் முதலீட்டில் கால்வாசிகூடத் தேவையில்லை. கம்பெனி பெயரைத் தரும், ஆப்பைத் தரும், முதுகில் மாட்டும் பையைத் தரும், வாசலில் மாட்டப் பலகை தரும். ஹோட்டல்காரர்களைப் பிடிப்பது, வண்டி ஓட்டுகிறவர்களைப் பிடிப்பது, சாப்பிடுகிறவர்களைப் பிடிப்பது, அவர்களிடம் திட்டு வாங்குவது ஆகியவை மட்டும் எடுத்து நடத்துகிறவர் பொறுப்பு.

"அப்போ கம்பெனி என்னதான் பண்ணும்?" என்று கேட்டார் மதிப்பீட்டாளர்.

"நம்மளை நம்பும், சகலை. இந்தக் காலத்துல அதை யாரு செய்யறாங்க?"

நம்புவதற்குக் கம்பெனிக்கு ஒரே ஒரு நிபந்தனை இருந்தது. தெருவைப் பார்த்த அறை வேண்டும்; அது வாடகை அறையாக இருக்கக் கூடாது. இதைச் சொல்லும்போது சகலை யாரையும் பார்க்காமல் தன் டையைப் பார்த்தார். துண்டுகளை மடித்துக்கொண்டிருந்த மதிப்பீட்டாளர் மனைவியின் கை நின்றது.

"என் நாற்காலியை எல்லாம் எங்க போடறதா யோசனை?"

இப்போதெல்லாம் வீடு தேடிப் போய்ச் செய்வதுதான் நாகரிகம் என்று சகலை விளக்கினார். அண்ணி மாதிரி கைராசிக்காரர்கள் ஓரிடத்தில் அடைந்து கிடப்பதே வீண் என்றார்.

"தலை அலசற தொட்டியை யாரு தூக்கிட்டு வருவா? நீங்களா?"

சகலையோடு வந்திருந்த தங்கை அதுவரை வாயைத் திறக்கவில்லை. இப்போது திறந்தாள். "எனக்கும் பாதி இருக்குக்கா. நான் இத்தனை நாள் கேட்டதே இல்லை."

"இப்போ கேட்டுட்டல்ல? இனிமே அந்த வசனம் உனக்குக் கிடையாது."

பேச்சு அதற்குமேல் பேச்சாக இல்லை. அம்மாவின் கடைசிக் காலத்தில் யார் எத்தனை முறை வந்து பார்த்தார்கள் என்பது வரைக்கும் போய்த் திரும்பி வந்தது. கடைசியில் சகலை ஒரு வழி சொன்னார். இந்த ஏரியாவில் கம்பெனியே சில மாதம் வெள்ளோட்டம் விடப் போகிறது. வியாபாரம் எப்படி என்று அவர்கள் ஆளே வந்து காட்டுவார். அதைப் பார்த்து முடிவு செய்யலாம். மதிப்பீட்டாளர் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார். கம்பெனி காட்டுவது ஒரு பக்கம் இருக்கட்டும், தான் தனியாக ஒரு மதிப்பீடு செய்யப் போவதாக அறிவித்தார். தன் கண்ணுக்குத் தப்பிய ஓட்டை இதுவரை கிடையாது என்றும் சொன்னார்.

"சரி," என்றாள் மனைவி. "வியாபாரம் இருக்குன்னு நிரூபிச்சா நானே கையெழுத்துப் போட்டு ரூமைக் கொடுத்துடறேன். இல்லைன்னா இந்தப் பேச்சை இனிமே யாரும் எடுக்கக் கூடாது."

தங்கையும் சகலையும் படி இறங்கியதும் அவள் புருஷனிடம் திரும்பினாள். "உங்க குணத்தை நம்பித்தான் வாயை விட்டிருக்கேன். கல்யாணத்திலேர்ந்து எதையும் நல்லா இருக்குன்னு நீங்க சொன்னதில்லை. இந்த ஒரு தடவை அது எனக்கு உபயோகப்படட்டும்."

அவர் இதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டார்.

மறுநாளே வேலை தொடங்கியது. மனைவி கடைக்குப் போனதும், அவள் சமைத்து வைத்துவிட்டுப் போனதை ஓரமாகத் தள்ளிவிட்டு, ஆப்பில் ஒரு சூப் வரவழைத்தார். சூப் ஆறியிருந்தது. அவருக்கு அதில் ஏக மகிழ்ச்சி. ஒற்றை நட்சத்திரம் போட்டு, கீழே விமர்சனம் எழுதினார். வங்கிக்கு எழுதிப் பழகிய கை. 'மூடியின் வடகிழக்கு மூலையில் கசிவு. உள்ளடக்கம் வெதுவெதுப்பையும் இழந்த நிலை. பராமரிப்பு இல்லை.' கம்பெனியிலிருந்து உடனே மன்னிப்பு வந்தது. கூடவே, அடுத்த முறைக்குப் பாதி விலை என்று ஒரு கூப்பனும் வந்தது. கூப்பன் மெய்யா, கண்துடைப்பா என்று தெரியாமல் ஒரு மதிப்பீடு முழுமையாகுமா? மறுநாள் கூப்பனைப் போட்டுக் கோழி வரவழைத்தார். கூப்பன் மெய். கோழி மோசம். 'கோழியின் வயது, அது சமைக்கப்பட்ட கட்டடத்தின் வயதுக்குக் குறையாது' என்று எழுதினார். மன்னிப்பு வந்தது. கூப்பன் வந்தது.

இப்படியாக மதிப்பீடு நடந்தது. ஒரு நாள் போதுமா? வார நாளில் ஒரு மாதிரி இருக்கலாம், விடுமுறையில் ஒரு மாதிரி இருக்கலாம். மழை நாளில் எப்படி? வெயிலில் எப்படி? மதியம் ஒன்று சொல்லிப் பார்த்தவர், ஒரே நேரத்தில் இரண்டு சொன்னால் குழம்புகிறார்களா என்று இரண்டு சொல்லிப் பார்த்தார். குழம்பினார்கள். இரண்டுக்கும் கூப்பன் வந்தது. பொட்டலங்கள் வந்த பிளாஸ்டிக் டப்பாக்களைக் கழுவிக் கவிழ்த்து அடுக்கி வைத்தார். எதையும் தூக்கி எறிகிற வம்சம் இல்லை அவர். முடிக்குச் சாயம் கலக்க வசதியாக இருக்கிறது என்று மனைவி அவற்றைக் கடைக்குக் கொண்டுபோனாள். டப்பா கூடிக்கொண்டே போவதைப் பார்த்து, வேலை மும்முரமாகத்தான் நடக்கிறது என்று நிம்மதிப்பட்டாள்.

இடையில் ஒரு பெரிய வேட்டையும் அகப்பட்டது. ஆப்பில் வெவ்வேறு படத்தோடு இருந்த மூன்று ஹோட்டல்களின் முகவரியைத் தேடி வெயிலில் அலைந்தார். டயர்க் கடைக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை. வாசலில் மூன்று பெயர்ப்பலகை, உள்ளே ஒரே அடுப்பு, ஒரே வாணலி. 'ராஜபோக விருந்து' ஆர்டரும் 'ஆரோக்கியச் சமையல்' ஆர்டரும் ஒரே எண்ணெயில் பொரிந்துகொண்டிருந்தன. அவர் போட்டோ எடுத்துக்கொண்டார். வீடு திரும்பும் வழியெல்லாம், கம்பெனிக்காரன் முன்னால் இதை எந்த நேரத்தில் எடுத்துவிடுவது என்று ஒத்திகை பார்த்தார். அன்று மாலை அவரைப் பார்த்தவர்கள் பேரன் பிறந்திருக்கிறான் போல என்று நினைத்திருப்பார்கள்.

போட்டோ எடுத்த பிறகும் அந்தக் கொட்டகைச் சாப்பாட்டை அவர் விடவில்லை. ருசி பார்க்காமல் எழுதினால் பட்சபாதம் ஆகிவிடுமாம். அதன் பலனாக ஒரு வாரம் படுக்கையில் கிடந்தார். வயிறு உள்ளே எதையும் அனுமதிக்கவில்லை, இருந்ததையும் வெளியேற்றியது. மனைவி கஞ்சி வைத்துக் கொடுத்துவிட்டு, "உங்களை யாரு முழுசா சாப்பிடச் சொன்னது? நாக்கில வச்சுப் பார்த்தாப் போதாதா?" என்று கேட்டாள். சுவரைத் தட்டும்போது முழுச் சுவரையும்தான் தட்ட வேண்டும் என்று அவர் ஈனஸ்வரத்தில் சொன்னார். எழுந்து நடமாட முடிந்த அன்றே, வயிற்றுக்கு இதமாக ஏதாவது தருகிறார்களா என்று சோதிக்க ஆப்பைத் திறந்தார்.

கடைக்கு வார விடுமுறையான ஒரு நாள் காலையில் கூட்டம் கூடியது. கம்பெனியிலிருந்து வந்தவர் இளைஞர், ஒடிசலாக இருந்தார். பட்டம் மட்டும் கனம்: 'மண்டல வளர்ச்சித் தலைவர்'. உள்ளே வந்தவர், யாரும் சொல்வதற்கு முன்பே கதவருகில் இருந்த சுழல் நாற்காலியில் கம்பீரமாக உட்கார்ந்தார். அந்த நாற்காலியில் ஒரு கோளாறு. ஏற்றி வைத்தால் ஏறி நிற்கும். ஆள் உட்கார்ந்ததும் யாருக்கும் தெரியாமல் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். வாடிக்கையாளர் உட்காரும்போது மனைவி அடியில் ஒரு மரக்கட்டையை வைப்பாள். அன்று அந்தக் கட்டை எங்கே இருக்கிறது என்று அவளுக்கு நினைவு வரவில்லை.

மதிப்பீட்டாளர், இதற்கெல்லாம் முகம் கொடுக்கப் போவதில்லை என்று காட்டுவதற்காக, எல்லோருக்கும் முதுகைக் காட்டி முடி உலர்த்தும் கூண்டுக்கு அடியில் போய் உட்கார்ந்தார். எதிர்ச் சுவர்க் கண்ணாடியில் பின்னால் நடப்பதெல்லாம் தெரிந்தது. மண்டலத் தலைவர் மடிக்கணினியைத் திருப்பி வைத்து, இந்தப் பகுதியின் வெள்ளோட்ட நிலவரம் இது என்றார். கண்ணாடியில் ஒரு கோடு உச்சியில் தொடங்கிப் பாதாளத்துக்கு இறங்கியது. மதிப்பீட்டாளருக்கு உடம்பெல்லாம் குளிர்ந்தது. சகலை கைதட்டுவது கேட்டது. தோற்றவன் எதற்குக் கைதட்டுகிறான் என்று திரும்பிப் பார்த்தார். இடம் வலம் மாறிக் கண்ணாடியில் இறங்கிய கோடு கணினியில் ஏறிக்கொண்டிருந்தது.

அவர் மனைவி கோட்டைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள்.

ஓட்டைகளை எடுத்துவிட இதுதான் நேரம் என்று அவர் எழுந்தார். தகரக் கொட்டகைப் போட்டோவை நீட்டினார். மண்டலத் தலைவர் அதை ஆசையாகப் பார்த்தார். ஒரே அடுப்பில் மூன்று ஹோட்டல் நடப்பதுதான் தங்கள் முறையின் பெருமை என்றும், இந்தப் படம் தெளிவாக இருப்பதால் விளம்பரத்துக்குப் பயன்படுத்திக்கொள்ள அனுமதி கிடைக்குமா என்றும் கேட்டார். வாடிக்கையாளர்கள் கரித்துக் கொட்டுகிறார்களே, விமர்சனங்களைப் படித்தீர்களா என்று மதிப்பீட்டாளர் அடுத்ததை எடுத்தார்.

"அதைத்தான் சார் சொல்ல வந்தேன்," என்றார் மண்டலத் தலைவர். நாற்காலி இதற்குள் பாதி இறங்கி, அவர் முழங்கால்கள் மேலே வரத் தொடங்கியிருந்தன. "இந்த ஏரியா ஜனங்க மாதிரி நான் எங்கயும் பார்த்ததில்லை. ஒரு ஸ்டார் போடறாங்க, கிழி கிழின்னு கிழிக்கறாங்க, மறுநாளே திரும்ப ஆர்டர் பண்றாங்க. எவ்வளவு மோசமாக் கொடுத்தாலும் வராங்க சார். இந்த விசுவாசத்தைக் காசு கொடுத்து வாங்க முடியாது."

மதிப்பீட்டாளர் முகத்தில் ஈயாடவில்லை. மெல்ல மறுபடியும் கூண்டுக்கு அடியில் போய் உட்கார்ந்தார். இந்த முறை தலையை நன்றாக உள்ளே விட்டுக்கொண்டார்.

சகலை பத்திரத்தை எடுத்து மேசையில் வைத்தார். பேனாவையும் திறந்து வைத்தார். "சொன்ன சொல்லுன்னு ஒண்ணு இருக்கு அண்ணி," என்றார், ரொம்பப் பணிவாக. தங்கை தன் கையெழுத்தைப் போட்டாள். மனைவி பேனாவை வாங்கிக்கொண்டாள். அறையை ஒரு சுற்றுப் பார்த்தாள். தொட்டி, கூண்டு, கூண்டுக்குள் புருஷன், சாயம் கலக்கும் டப்பாக்களின் அடுக்கு. டப்பாக்களிடம் அவள் கண் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு கணினிக்குப் பக்கத்தில் போய்க் குனிந்தாள்.

"தம்பி, இங்க ரெண்டு கோடு இருக்கே?"

நீலம் மதிய ஆர்டர், சிவப்பு மாலை ஆர்டர் என்றார் மண்டலத் தலைவர், கீழே இருந்து.

"இந்த நீலம் நடுவுல ஒரு இடத்துல தரையோட தரையா விழுந்து கிடக்கே, ஒரு வாரத்துக்கு?"

அது ஏதாவது பண்டிகையாக இருக்கும், ஜனங்கள் ஊருக்குப் போயிருப்பார்கள் என்றார் அவர்.

"யாரும் ஊருக்குப் போகலை. இவருக்கு வயிறு கெட்டுப் போச்சு." அவள் பேனாவால் கூண்டைக் காட்டினாள். "அந்த வாரம்தான். நான்தான் கஞ்சி வச்சுக் கொடுத்தேன். அதுக்கு முன்னாடி ஏறுது பாருங்க, அது இவரு. அதுக்குப் பின்னாடி ஏறுதே, அதுவும் இவரு. என்னங்க, வெளிய வந்து சொல்லுங்க. இந்த நீலக் கோட்டுல உங்களைத் தவிர வேற யாராவது இருக்காங்களா?"

மதிப்பீட்டாளர் கூண்டுக்குள் இருந்தபடியே, மதிப்பீட்டில் எண்ணிக்கை முக்கியம் என்று ஏதோ ஆரம்பித்தார். குரல் உள்ளேயே சுற்றியது. பிறகு, "என் வேலையை நான் ஒழுங்காச் செஞ்சேன்," என்று மட்டும் கேட்டது.

சகலை சிரித்த சிரிப்பில் டை ஆடியது. மதிப்பீட்டாளருக்குப் பழைய செருப்புக் கொப்புளம் மறுபடி எரிந்தது. சரி, மதியக் கோடு மதிப்பீட்டாளர் வயிற்றிலேயே போகட்டும், அதை விட்டுவிடலாம் என்றார் சகலை. மாலைக் கோட்டைப் பாருங்கள். விழாமல், சாயாமல், படி ஏறுவது போல ஏறுகிறது. அதற்கு யாரும் வயிற்றுவலி சொல்ல முடியாது. அது ஜனங்கள், நிஜமான ஜனங்கள்.

இதைச் சொல்லிவிட்டு, ஆமோதிப்பாள் என்று பெண்டாட்டியைப் பார்த்தார். தங்கை சிவப்புக் கோட்டைப் பார்க்கவில்லை. டப்பா அடுக்கைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எழுந்து போய் ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். அடியில் கம்பெனி முத்திரை.

"இது எங்க வீட்டிலயும் இருக்கே," என்றாள். "பீரோ மேல, கட்டில் அடியில, எங்க பார்த்தாலும் இதான். சாயங்காலம் நான் அடுப்பு மூட்டறதே இல்லையே. கம்பெனியில சாம்பிள் அனுப்பறாங்கன்னு சொன்னீங்க?"

"அது வந்து…"

"எத்தனை மாசமா சாம்பிள் அனுப்புவாங்க?"

சகலை டையைத் தளர்த்திக்கொண்டார். ஒரு தொழில் தொடக்கத்தில் அதற்கு ஊக்கம் கொடுக்க வேண்டியிருக்கும் என்றார். செடிக்குத் தண்ணீர் விடுவது போல என்றார். கோடு படுத்துவிட்டால் அண்ணி கையெழுத்துப் போட மாட்டார்களே, அதற்காகத்தான் என்று கடைசியில் உண்மை வந்தது.

"ஏன்தான் அந்தச் சோத்தைத் தின்னோம்னு இருக்கு," என்றாள் தங்கை. "ஓசியில வருதேன்னு பேசாம தின்னேன். காசு கொடுத்தா வாங்கினீங்க, அதை?"

ஆக, ஒருவர் இந்த வியாபாரத்தைக் குழிதோண்டிப் புதைப்பதற்காக மதியமெல்லாம் தின்றார். இன்னொருவர் அதைத் தூக்கி நிறுத்துவதற்காக மாலையெல்லாம் வாங்கினார். இரண்டு சகலைகளும் ஆயுளில் ஒரு காரியத்தை ஒற்றுமையாகச் செய்தது இதுதான். அதற்குப் பெயர்தான் இந்தப் பகுதியின் வளர்ச்சி.

மண்டல வளர்ச்சித் தலைவர் மட்டும் கலங்கவில்லை. நாற்காலி முழுக்க இறங்கிவிட்டதால் முழங்காலுக்கு மேல் மோவாய் மட்டும் தெரிந்தது. எல்லாப் பகுதியிலும் தொடக்கம் இப்படித்தான் இருக்கும், ஃபிரான்சைஸ் எடுப்பவர்களும் எடுக்க விடாதவர்களும்தான் முதல் வாடிக்கையாளர்கள் என்று அவர் ஆறுதல் சொன்னார். பக்கத்துப் பகுதியில் மாமனாரும் மருமகனும் இதைவிட அதிகமாகச் சாப்பிட்டார்களாம். எழுந்திருக்க முயன்றார், முடியவில்லை. மனைவி கை கொடுத்துத் தூக்கிவிட்டாள். பேனாவை மூடிச் சகலையின் சட்டைப்பையிலேயே செருகினாள். பத்திரத்தை நாலாக மடித்து, சாயம் சிந்திய மேசைக்கால் ஆடாமல் இருக்க அதன் அடியில் வைத்தாள்.

"பேச்சு முடிஞ்சுது," என்றாள். "ஆம்பளைங்க எல்லாம் வெளிய இருங்க. கடை இன்னிக்கு லீவு."

மூவரும் வெளியே வந்தார்கள். மண்டலத் தலைவர் தன் வண்டியில் ஏறிக்கொண்டார். சகலைகள் இருவரும் படியின் இரண்டு ஓரத்தில், நடுவில் ஒரு பேருந்து போகும் இடம் விட்டு நின்றார்கள். இரண்டு பேர் சட்டைப்பையிலும் ஒரே நேரத்தில் போன் ஒலித்தது. இரண்டு பேரும் எடுத்துப் பார்த்தார்கள். மதிப்புமிக்க வாடிக்கையாளருக்குப் பாதி விலைக் கூப்பன். இரண்டு பேர் வீட்டிலும் அன்று சமையல் கிடையாது என்பது தெரிந்துபோயிருந்தது.

"அந்த டயர்க் கடைச் சூப்பு எப்படி?" என்று சகலை தெருவைப் பார்த்துக் கேட்டார்.

"வடகிழக்குல ஒழுகும்," என்றார் மதிப்பீட்டாளர்.

உள்ளே தங்கை, மறுபடி ஏற்றி வைத்த அந்தச் சுழல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். போ என்று அக்கா சொல்லவில்லை, இரு என்றும் சொல்லவில்லை. கண்ணாடியில் தன் தலையைப் பார்த்து, நுனியெல்லாம் வெடித்துப் போய்விட்டது என்று பொதுவாகச் சொன்னாள். அக்கா ஒரு துணியை உதறி அவள் கழுத்தைச் சுற்றிக் கட்டினாள், தேவைக்குக் கொஞ்சம் கூடுதலாகவே இறுக்கி.

"பாதி ரூம் எனக்கும் இருக்கு," என்றாள் தங்கை. "அதனால பாதிக் காசுதான் தருவேன்."

"தாராளமா. பாதித் தலைதான் வெட்டுவேன். எந்தப் பக்கம்னு நீயே சொல்லிடு."

தங்கை கண்ணாடியில் அவளை முறைத்தாள். நாற்காலி இறங்கத் தொடங்கியது. அக்கா கத்தரிக்கோலைக் கையில் எடுத்தாள். மறுகையால், காலையிலிருந்து எங்கே என்று நினைவு வராத மரக்கட்டையைத் தொட்டிக்குப் பின்னாலிருந்து எடுத்து, காலால் நாற்காலிக்கு அடியில் தள்ளினாள்.